எல்லைக்கல்லில் இறங்கிய கை

நலம் பெருகுக. ஏழு குன்றங்களையும் தூவாற்றுத் தென்கரையையும் காத்து நிற்கும் காஞ்சிரநாட்டு வேந்தர், திருவளர் ஏழ்குன்றக்கோ அவர்களின் திருவாய்மொழிப்படி, கோடியலூர் அரண்மனையிலிருந்து பேரமைச்சர் கண்ணத்தனார் விடுக்கும் ஓலை. மூன்று போர்களில் முன்னணியில் நின்றவரும், தூவாற்றுப் பாசறையின் தண்டநாயகருமாகிய பூதங்கொற்றனார் அவர்கள் காண்க. தங்கள் குதிரைகள் நோயின்றி நிற்கவும், ஆற்று வெள்ளம் கரைக்குள் அடங்கி ஓடவும், தங்கள் வாள் உறைக்குள் துருவேறாதிருக்கவும், வீணே உறை நீங்காதிருக்கவும் வேந்தர் வாழ்த்துகிறார்.

இது ஐப்பசித் திங்கள் பதினைந்தாம் நாள் எழுதப்பட்டது. ஓலை சுமக்கும் ஓட்டர் மூவர் கை மாற்றிக் கை மாற்றிக் கொண்டுவர, நாளை மாலைக்குள் தங்களைச் சேரும். இதைத் தாங்கள் தனியே படித்து மடித்து வைக்கலாகாது. பாசறை நடுவே, தென்கரைக் காவலர் நானூற்றுவரும் கேட்க, உரக்கப் படிக்கச் செய்க. தங்கள் சிறையிலிருக்கும் காவல்நாயகன் சாத்தன் ஏறனைத் தலைப்பாகையுடன் அழைத்து வந்து தங்கள் முன் நிறுத்திய பின்னரே படிக்கத் தொடங்குக. அவன் வந்து நிற்கும் வரை அடுத்த ஏட்டைப் புரட்ட வேண்டாம்.

அவன் நின்றுவிட்டான் எனக் கொண்டு மேலே எழுதப்படுகிறது.

தூவாற்றின் நடுவே மணல்திட்டு ஒன்றுண்டு. அதில் இடுப்பளவு உயரத்தில் எல்லைக்கல் நிற்கிறது. கல்லுக்குத் தெற்கே நம் நாடு. வடக்கே முல்லைவரம்பு நாடு. பதினோரு ஆண்டுகளுக்கு முன் போர் ஓய்ந்தபோது இரு நாட்டு அமைச்சர்களும் கூடி எழுதிய உடன்படிக்கை இது: நாள்தோறும் கதிரவன் ஓர் ஈட்டி உயரம் ஏறியதும், இரு கரைக் காவல்நாயகரும் கல்லுக்கு இருபுறமும் வந்து ஒருவர்க்கொருவர் நெற்றிக்கை வைக்க வேண்டும். வலக்கையை உயர்த்தி, விரல்களைச் சேர்த்து, உள்ளங்கை எதிரிலிருப்பவருக்குத் தெரியத் தலைப்பாகையின் விளிம்பில் வைப்பதே நெற்றிக்கை. கையில் ஆயுதம் இல்லை என்று காட்டப் பிறந்த வழக்கம் அது. நெற்றிக்கை வைக்கப்பட்ட நாள் அமைதி நாள். தொடர்ந்து ஏழு நாள் வைக்கப்படாவிட்டால் உடன்படிக்கை தானே அற்றுப்போகும்.

படைக்குள் நெற்றிக்கை முறை யாவரும் அறிந்ததே. தாழ்ந்தவர் முதலில் கை உயர்த்துவார். உயர்ந்தவர் எதிர்க்கை வைத்து இறக்குவார். அதன் பின்னரே தாழ்ந்தவர் கை இறங்கும். எதிர்க்கை வராத கை இறங்கலாகாது. கல்லின் இருபுறமும் நிற்பவர் நிகரானவர் ஆதலால், அங்கே யார் முன், யார் பின் என்ற கேள்வி எழக்கூடாதென்று முரசு வைக்கப்பட்டது. முதல் அடிக்கு இரு கைகளும் எழும். இரண்டாம் அடிக்கு இரு கைகளும் இறங்கும். ஒற்றைப்படை நாளில் நம் முரசு. இரட்டைப்படை நாளில் அவர்கள் முரசு. அந்நேரம் காவல்நாயகர் இருவரும் முரசறைவோன் ஒருவனும் தவிர நான்காம் ஆளின் கால் திட்டில் படலாகாது. பட்டால் அது போர். கல்லருகே ஒரு சொல்லும் பேசலாகாது. முதல் ஆண்டில் பேசிய ஒரு சொல்லால் மூன்று தலைகள் உருண்டதால் வந்த விதி அது.

பத்தாம் நாள், வடகரையின் முறை. அவர்கள் முரசறைவோர் ஆதன் என்னும் முதியவர், தம் காவல்நாயகன் விக்கியனுக்கு இருபது அடி பின்னே, நீர் விளிம்பில் முரசுடன் அமர்ந்திருந்தார். அவர் முகம் நம் ஏறனுக்குத் தெரியும். விக்கியனின் முதுகுக்குப் பின்னே அவர் இருந்தார். வடகரைப் படைக்கோ அவருடைய முதுகு மட்டுமே தெரியும்.

முதல் அடி விழுந்தது. இரு கைகளும் எழுந்தன. இரண்டாம் அடி விழவில்லை.

ஏறன் முதலில் ஒன்றும் நினைக்கவில்லை. ஆதனார் இரண்டாம் அடிக்கு முன் முரசின் தோலை உள்ளங்கையால் ஒருமுறை தடவிக் கொடுப்பவர். பதினோரு ஆண்டுகளாக, ஒன்றுவிட்டு ஒரு நாள், ஏறன் அதைக் கண்டிருக்கிறான். அன்று அவர் தடவவில்லை. முரசின்மேல் மார்பைச் சாய்த்து, கண்களைத் திறந்தபடி இருந்தார். பனியில் தோல் தளர்ந்திருக்கும், காயட்டும் என்று காத்திருக்கிறார் போலும் என ஏறன் எண்ணினான்.

தென்கரையில் சிரிப்பு எழுந்தது. வில்லாள் கூத்தன், "இன்னைக்குக் கல்லு மூணாச்சுடா" என்றானாம். மற்றொருவன், தலைவர் கொசு ஓட்டக் கை தூக்கி மறந்துவிட்டார் என்றானாம். அதைச் சொன்னவன் இன்று முன்வந்து பெயர் சொல்லவில்லை. சொல்ல வேண்டுவதும் இல்லை. அரை நாழிகையில் சிரிப்பு நின்றது. ஒரு நாழிகையில் இரு கரையிலும் வில்லுக்கு நாண் ஏறியது. வடகரையில் குதிரைகள் அவிழ்க்கப்பட்டன. யாரும் ஆணையிடவில்லை. ஒருவன் நாண் ஏற்றியதைக் கண்டு அடுத்தவன் ஏற்றினான்.

திட்டில் இருவரும் நின்றார்கள். ஏறனுக்கு முதலில் தோள் வலித்தது. பிறகு தோள் எரிந்தது. பிறகு தோள் என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. கை எங்கோ தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. எதிரே விக்கியனின் முழங்கை நடுங்கியது. விக்கியனின் கண்கள் எதையோ கேட்டன. ஏறன் விடை சொல்ல வாய் திறக்க முடியாது. விக்கியன் திரும்பிப் பார்க்கவும் முடியாது. பகைவனுக்கு முதுகு காட்டியவன் ஆவான்.

முதலில் இறக்கினால் தன் வேந்தரைத் தாழ்த்தியவன் ஆவான் என்று ஏறன் அறிவான். இறக்காவிட்டால் இருவரில் ஒருவர் மயங்கி விழுவார் என்பதையும் அறிவான். விழுந்தவன் ஏன் விழுந்தான் என்று நாணேற்றியவன் கேட்கப் போவதில்லை. முதுகுக்குப் பின்னே நானூறு பேரின் மூச்சும் அவனுக்குக் கேட்டதாம். அது ஆற்றின் ஓசையாகவும் இருக்கலாம் என்று அவனே பிறகு சொன்னான்.

இரண்டு நாழிகை கடந்தது. முரசுக்கோல் ஆதனாரின் வலக்கையிலிருந்து நழுவி, உருண்டு, நீரில் விழுந்து மிதந்து சென்றது. அவர் அதைப் பார்க்கவில்லை.

ஏறன் அவர் முகத்தை உற்றுப் பார்த்தான். பிறகு செய்ததை நானூற்றுவரும் கண்டார்கள். விக்கியனுக்கு நேரே இருந்த உடலைச் சற்றே திருப்பி, ஆதனாரை நோக்கி, இடக்காலை ஓரடி பின்னே வைத்தான். மூன்று மூச்சு நின்றான். கையைத் தானே இறக்கினான். இறந்தவருக்கு நெற்றிக்கை வைக்கும் முறை அது. இறந்தவர் எதிர்க்கை வைக்க மாட்டார். ஆதலால் வைத்தவனே இறக்கிக்கொள்ளலாம்.

விக்கியன் அந்தக் காலைக் கண்டான். அதற்கு ஒரே பொருள்தான் உண்டு. அவன் முதுகு காட்டித் திரும்பினான், கண்டான், கையைப் போட்டுவிட்டு ஓடினான். முதியவரைத் தோளில் தூக்கிக்கொண்டு நீரில் இறங்கினான். ஓர் அம்பும் பறக்கவில்லை.

ஏறன் கரைக்கு நடந்து வந்தான். தண்டநாயகராகிய தாங்கள் அங்கே நின்றீர்கள். ஆறு அடி முன்னே நின்று, மரத்த கையை மறு கையால் தாங்கி உயர்த்தி, முறைப்படி நெற்றிக்கை வைத்தான். தாங்கள் எதிர்க்கை வைக்காமல் கடந்து சென்றீர்கள்.

அன்றே தங்கள் தீர்ப்பும் வந்தது. பகைவர் காண முதலில் கை இறக்கியவன் ஆதலால், வாழ்நாள் முழுதும் அவனுக்குப் படையில் எவரும் எதிர்க்கை வைக்கலாகாது. பதினேழாம் நாள் காலை அணிவகுப்பின் முன் அது முழங்கப்படும். வாள்வெட்டு இதனினும் இரக்கமுடையது என்று படையில் இருப்போர் அறிவர். எதிர்க்கை கிடையாதவனோடு எவரும் உண்ணார். அவன் இறந்தால் எவரும் இடக்காலைப் பின்வையார். அதுமட்டுமன்று, அந்த இழுக்கு நீங்கும் வரை கல்லுக்கு வேறொருவரை அனுப்புவதில்லை என்றும் தாங்கள் முடிவு செய்தீர்கள். வடகரையாரும் முதுகு காட்டிய குற்றத்துக்காக விக்கியனை அடைத்துவிட்டு ஒருவரையும் அனுப்பவில்லை. கல் வெறுமையாக நிற்கிறது. ஏழாம் நாள் அதே பதினேழாம் நாள்.

பன்னிரண்டாம் நாள் அமைச்சர் கண்ணத்தனார் பாசறைக்கு வந்து விசாரித்தார். தாங்கள் அவரை முறைப்படி வரவேற்றீர்கள். அதற்கு நன்றி உரியது. தாங்கள் அன்று சொன்னதையும் சொன்னபடியே வேந்தரிடம் அமைச்சர் உரைத்தார்: "அவனுக்கு வாள் பிடிக்கக் கத்துக்கொடுத்தவன் நான். அதனாலேயே விட முடியாது. என் ஆளுன்னு விட்டா நாளைக்கு யார் கைக்கும் மதிப்பு இருக்காது." வேந்தர் அதைக் கேட்டுத் தலையசைத்தார். தங்கள் நேர்மையில் ஐயம் எவருக்கும் இல்லை.

ஏறன் தீவனக் கொட்டிலில் அடைக்கப்பட்டிருந்தான். அமைச்சர் நுழைந்தபோது கையை நெற்றியில் வைத்தபடி நின்றான். காலையில் தாங்கள் அவ்வழியே கடந்ததாகவும், அப்போது உயர்த்திய கை அது என்றும் காவலர் சொன்னார்கள். நாள்தோறும் அப்படியே நடக்கிறதென்றும், வெயில் சாயும்போது இருவர் பிடித்துத்தான் இறக்குவதென்றும், மூன்றாம் நாளாகிய அன்று கை வீங்கிவிட்டதென்றும் சொன்னார்கள். பொறுக்கமாட்டாமல் அமைச்சர் தம் கையை உயர்த்தி எதிர்க்கை வைத்தார். ஏறன் அவரை இரக்கத்தோடு பார்த்தான்.

"உங்களுக்குத் தலைப்பாகை இல்லைங்களே ஐயா" என்றான்.

படையைச் சேராதவரின் எதிர்க்கை செல்லாது. அந்த விதியை எழுதியவர்களில் அமைச்சரும் ஒருவர். காவலரை விட்டு அவன் கையை இறக்கச் செய்த பின்னரே விசாரணை நடந்தது.

ஆதனார் இறந்துவிட்டார் என்று அறிந்துதான் கை இறக்கினாயா என்று கேட்கப்பட்டது. அவன் சொன்னதைச் சொன்னபடியே எழுதுமாறு கணக்கருக்கு ஆணையிடப்பட்டது. அவன் சொன்னது:

"செத்தாரா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும் ஐயா? உதட்டுல ஒரு ஈ உக்காந்துச்சு. உள்ள போயிட்டு வெளிய வந்துச்சு. அவரு ஓட்டல. பதினோரு வருசமா அந்த மனுசன் மொகத்தைப் பாக்கறேன். ஈயை விட்டுவைக்கற ஆளு இல்ல அவரு."

அப்படியானால் இறந்தாரென்றே உறுதியாகக் கருதினாய் என எழுதிக்கொள்ளலாமா என்று அமைச்சர் கேட்டார். அவன் ஆம் என்றால் வழக்கு அங்கேயே முடிந்திருக்கும். எழுத்தாணி ஏட்டின்மேல் காத்திருந்தது. ஏறன் கொட்டிலின் வாசலைப் பார்த்தான். ஆறு அங்கிருந்து தெரியாது. ஓசை மட்டும் வரும்.

"கையும் வலிச்சுது. அதையும் எழுதிக்குங்க" என்றான்.

எழுதப்பட்டது.

பதினான்காம் நாள் முல்லைவரம்பு அமைச்சரின் ஓலை கோடியலூர் வந்தது. "ஆதனார் திட்டில் உயிர்விடவில்லை. வலப்பக்கம் முழுவதும் வாதம் தாக்கி, நாவும் கட்டுண்டு, அன்று பிற்பகல் வரை உயிரோடிருந்தார். ஆகவே தங்கள் காவல்நாயகன் இறந்தவருக்குக் கை வைத்தான் என்பது பொருந்தாது. நிகரான எங்கள் காவல்நாயகனுக்கு முன் அவன் கை இறங்கியது என்பதே பொருந்தும்" என்று அவர்கள் எழுதியிருந்தார்கள். தண்டநாயகராகிய தங்கள் தீர்ப்பை அவர்களே வந்து உறுதி செய்தது போலாயிற்று. அதைப் படித்தபின் நம் அமைச்சர் உண்ணவில்லை. அரண்மனை முற்றத்தில் ஒரு தூணுக்கும் மறு தூணுக்குமாக நடந்துகொண்டிருந்தார். ஏழில் நான்கு நாள் போய்விட்டன. ஓலையைத் திரும்பத் திரும்பப் படித்தார்.

ஓலையின் கடைசியில் மருத்துவரின் குறிப்பு ஒன்று இருந்தது. அவர்கள் அதைப் பெரிதாகக் கருதவில்லை. நோயின் போக்கை முழுமையாகச் சொல்ல வேண்டுமென்றே எழுதியிருந்தார்கள். கரையில் கிடத்தியபோது ஆதனாரின் இடக்கை மும்முறை எழுந்து நெற்றியைத் தொட்டதாம். விரல்கள் சேர்ந்திருந்தனவாம். உள்ளங்கை தென்கரைப் பக்கம் இருந்ததாம். வாதத்தில் நல்ல பக்கத்து நரம்பு துடிப்பது இயல்பே என்று மருத்துவர் முடித்திருந்தார்.

அது நரம்பின் துடிப்பாக இருக்கலாம். மருத்துவர் அறிந்ததை அமைச்சர் அறியார். அமைச்சர் அறிந்தது நெற்றிக்கை விதி மட்டுமே. இடக்கையால் வைப்பது செல்லாது. வலக்கை பயன்படாதவருக்கு மட்டும் இடக்கையே வலக்கை. விரல் சேர்ந்து, உள்ளங்கை தெரிய, நெற்றியைத் தொடும் கை நெற்றிக்கையே. வைத்தவர் உள்ளத்தில் என்ன இருந்தது என்று விதி எங்கும் கேட்கவில்லை. ஆதனார் வடகரைப் படையின் தலைப்பாகை அணிந்தவர். அவருக்கு ஏறன் வைத்தான். அவர் எதிர்க்கை வைத்தார். வைக்கப்பட்டு, ஏற்கப்பட்டு, முடிந்த நெற்றிக்கையில் குற்றம் காண எந்த நாட்டு விதியிலும் இடமில்லை. எதிர்க்கை வருமுன்னே ஏறன் இறக்கினான் என்பது உண்மை. அந்தப் பிழை அவனுக்கும் ஆதனாருக்கும் இடையிலானது. ஆதனார் அதைப் பொறுத்துக்கொண்டார்.

இன்னொன்றும் எழுதப்பட வேண்டும். முரசு ஒலித்தால் என்ன செய்வதென்று உடன்படிக்கையில் நாற்பது வரி உண்டு. ஒலிக்காவிட்டால் என்ன செய்வதென்று ஒரு வரி இல்லை. அன்று எழுத உட்கார்ந்த இரு அமைச்சருக்கும் முரசறைபவனும் சாகக்கூடிய ஆள்தான் என்பது தோன்றவில்லை. நம் பக்கம் எழுதியவர் இவ்வோலையை விடுப்பவரே. கல்லருகே ஏறன் செய்தது, எழுதாமல் விட்ட அந்த வரியைத் தன் காலால் எழுதியதே ஆகும்.

இன்று காலை இவையனைத்தும் வேந்தர் திருமுன் படிக்கப்பட்டன. ஏறனின் வாக்குமூலம் தொடங்கியபோது வேந்தர் எழுந்து நின்று, தம் வலக்கையை நெற்றியில் வைத்தார். அவையோர் எதிர்க்கை வைப்பதா என்று தடுமாறினார்கள். வேந்தர் வேண்டாமென்று கண்ணால் தடுத்தார். படிப்பு அரை நாழிகை கூட நீளவில்லை. ஈயைப் பற்றிய இடம் வந்தபோது வேந்தரின் முழங்கை நடுங்கியது. அது முடிவதற்குள் கை இறங்கிவிட்டது. இதை எழுத வேண்டாமென்று அவையோர் கருதினார்கள். எழுதுக என்றார் வேந்தர்.

ஆகவே, ஏழ்குன்றக்கோ அவர்களின் ஆணை இது. சாத்தன் ஏறன்மேல் விதிக்கப்பட்ட தீர்ப்பு நீக்கப்பட்டது. பதினேழாம் நாள் காலை, கதிரவன் ஓர் ஈட்டி உயரம் ஏறியதும், அவனே கல்லுக்குச் செல்க. முரசு வேண்டியதில்லை. வடகரைக்கும் இன்றே ஓலை சென்றுள்ளது. விக்கியன் வருவானா என்பது இதை எழுதும்போது தெரியாது. வந்தாலும் வராவிட்டாலும் நம் கை முதலில் எழுக. இனி அந்தக் கல்லருகே எவர் கை முதலில் இறங்கினும் அது இழுக்கன்று; வலித்த கை இறங்கிற்று என்பதற்கு மேல் அதற்குப் பொருளில்லை. வில்களின் நாண் இன்றே இறக்கப்படுக. வடகரையில் ஆதனாரை எரித்த புகை தெரிந்த திசை நோக்கி, நானூற்றுவரும் ஒருமுறை இடக்காலைப் பின்வைத்து நெற்றிக்கை வைத்துத் தாமே இறக்குக.

அதற்கு முன்னர் ஒன்று உண்டு. தண்டநாயகராகிய தங்களைக் கண்டதும் ஏறன் கை உயர்த்தியிருப்பான். இந்த ஓலை படிக்கத் தொடங்கிய பொழுதிலிருந்து அந்தக் கை உயர்ந்தே இருக்கும். வேறு வழியின்றியே இந்த ஒருமுறை அவன் அப்படி நிறுத்தப்பட்டான். அதனாலேயே ஓலை இயன்றவரை குறுக்கி எழுதப்பட்டது. வேந்தரால் அரை நாழிகை தாங்க இயலாத கையை அவன் எவ்வளவு தாங்குகிறான் என்பதைத் தாங்களும் நானூற்றுவரும் இப்போது காண்கிறீர்கள். வேந்தரின் எதிர்க்கை இவ்வளவு தொலைவு எட்டாது. அமைச்சருக்குத் தலைப்பாகை இல்லை. அந்தக் கையை இறக்க வல்லவர் இக்கரையில் தாங்கள் ஒருவரே. இம்முறை மட்டும், அவன் கை இறங்கிய பின்னரே தங்கள் கை இறங்குக.

ஏழ்குன்ற முத்திரை இட்டது. அரசாணை வழி எழுதியவர் திருமுகக் கணக்கர் நம்பி ஊரன். கண்டு ஒப்பியவர் கண்ணத்தனார். ஓலையைச் சுருட்டுவதும், கயிறு கட்டுவதும், வந்த ஓட்டருக்குச் சோறிடுவதும் பிறகு ஆகட்டும். தண்டநாயகர் முதலில் கை உயர்த்துக.